பத்திரிகைக் கட்டுரையைக் கேள்வி கேட்டு வாசிப்பது எப்படி?

பத்தாவது, பதினொன்றாவது ஆங்கில வகுப்பில் ஒரு பத்திரிகைக் கட்டுரையைக் கொடுத்து "இதை விமர்சன நோக்கில் ஆராய்ந்து எழுது" என்றால், பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் கட்டுரையைச் சுருக்கி எழுதிவிடுகிறார்கள். மற்றவர்கள் விமர்சனம் என்றாலே திட்டுவது என்று எடுத்துக்கொண்டு குறை தேடுகிறார்கள்: எழுத்து சின்னது, படம் தெளிவில்லை, கடைசியில் தீர்வு சொல்லவில்லை. இரண்டுக்கும் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் கிடைக்காது. கிடைக்கவில்லையே என்று பிள்ளைகளுக்கு வருத்தம், இதைக்கூடப் புரிந்துகொள்ளவில்லையே என்று ஆசிரியருக்கு வருத்தம்.

கேட்ட வேலை வேறு. எழுதியவர் நம்மை எதை நம்ப வைக்கப் பார்க்கிறார்? அதற்காக எதை முன்னால் வைத்தார், எதைப் பின்னால் தள்ளினார், எதை விட்டார்? அவர் காட்டும் ஆதாரம் அவர் சொல்லும் முடிவைத் தாங்குகிறதா? இவ்வளவுதான். கட்டுரை நல்ல கட்டுரையாகக்கூட இருக்கலாம். ஆராய்ந்து பார்த்து "தாங்குகிறது" என்று எழுதினாலும் அது விமர்சன வாசிப்புதான்.

கேரள எல்லையில் குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது புதுப் பழக்கமே இல்லை. வீட்டில் தமிழ்ச் செய்தி ஓடும், டீக்கடையில் மலையாளப் பத்திரிகை கிடக்கும். முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் ஏறினால் இரண்டிலும் இரண்டு விதமாக வரும். "அவங்க அப்படித்தான் டீச்சர் எழுதுவாங்க" என்று எட்டாவது படிக்கும் பிள்ளைகூடச் சொல்லிவிட்டுப் போகும். அந்த "அப்படித்தான்" எந்த வரியில் இருக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொல்வதுதான் ஆங்கில வகுப்பு கூடுதலாகச் செய்வது. அதனால் அணையிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் யாரும் மறுக்காத விவரங்கள். திருவிதாங்கூர் அரசுக்கும் அன்றைய ஆங்கிலேய அரசுக்கும் 1886இல் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் போடப்பட்டது. சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) கொண்டு கட்டிய அணை 1895இல் திறக்கப்பட்டது. அணை நிற்பது கேரள மண்ணில், இயக்குவது தமிழ்நாடு. முழுக் கொள்ளளவுக்கான நீர்மட்டம் 152 அடி. கேரளத்தில் எழுந்த பாதுகாப்புக் கவலையால் 1979இல் அது 136 அடியாகக் குறைக்கப்பட்டு, அணையைப் பலப்படுத்தும் வேலை தொடங்கியது. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது. கேரளம் அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி 136இலேயே நிறுத்தியது. 2014 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்று சொல்லி 142ஐ உறுதிசெய்தது.

இதே விவரங்களை வைத்து இரண்டு கட்டுரைகள் எழுதலாம். ஒன்று 1886இல் தொடங்கும். அடுத்த பத்தியில் அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் வருவார், அதற்கடுத்து அணை நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கின் இரண்டு போக நெல் வரும், லோயர் கேம்ப்பில் அவருக்கு எழுப்பிய மணிமண்டபத்தின் படம் வரும். இன்னொன்று 1979இல் தொடங்கும். அந்த ஆகஸ்டில்தான் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் மூழ்கியது. அதை முதல் பத்தியில் வைத்துவிட்டு, இரண்டாம் பத்தியில் அணைக்குக் கீழே வள்ளக்கடவில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தைக் காட்டினால் போதும், மீதியை வாசகரின் பயமே எழுதிக்கொள்ளும். முதல் கட்டுரையை வாசித்தவருக்கு இது உரிமைப் பிரச்சினை. இரண்டாவதை வாசித்தவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. இரண்டிலும் ஒரு பொய் வரிகூட இருக்க வேண்டியதில்லை.

ஆகவே முதல் கேள்வி: கதை எந்த ஆண்டில் தொடங்குகிறது? வகுப்பில் இதைச் செய்து பார்ப்பது எளிது. கட்டுரையில் வரும் ஆண்டுகளை மட்டும் அடிக்கோடிட்டு, ஒரு கோடு போட்டு வரிசையாகக் குறியுங்கள். எந்த இடத்தில் பெரிய இடைவெளி விழுகிறது? 1895இலிருந்து நேராக 2014க்குத் தாவும் கட்டுரை, 1979இன் பயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. 1979இலிருந்து நேராக நேற்றைய மழைக்குத் தாவும் கட்டுரை, இடையில் நடந்த பலப்படுத்தும் வேலைகளையும் தீர்ப்பையும் விட்டிருக்கிறது. விட்டதற்கு இடப் பற்றாக்குறையும் காரணமாக இருக்கலாம், அதையும் யோசிக்க வேண்டும். ஆனால் விட்ட விவரங்கள் எல்லாமே ஒரே பக்கத்துக்குச் சாதகமானவையாக இருந்தால் அது பக்க அளவின் குற்றமில்லை.

இங்கே பிள்ளைகள் உடனே "ஒருதலைப்பட்சம்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்கள். பத்திரிகை எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பார்த்ததுமே முடிவுகட்டும் பழக்கமும் உண்டு: 'தி வீக்' 1982 முதல் மலையாள மனோரமா குழுமம் கொச்சியிலிருந்து நடத்தும் ஆங்கில வார இதழ், 'ஃப்ரண்ட்லைன்' சென்னையில் இந்து குழுமத்துடையது, அப்புறம் என்ன வேண்டும் என்பார்கள். யார் வெளியிடுகிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டிய விவரம், மறுக்கவில்லை. ஆனால் அது சந்தேகத்தைத் தொடங்கி வைக்கும், முடித்து வைக்காது. வரியைக் காட்டாமல் முகவரியை மட்டும் காட்டும் விடைக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

வார, மாத இதழ்க் கட்டுரைக்கு நாளிதழ்ச் செய்தியிலிருந்து ஒரு வித்தியாசம் உண்டு. நாளிதழில் நடந்தது முதல் வரியிலேயே வந்துவிடும். இதழ்க் கட்டுரை ஒரு ஆளோடு தொடங்கும். "காலை ஐந்து மணி, அந்தப் பெண் ஜீப்புக்காகக் காத்திருக்கிறார்" என்கிற மாதிரி. இரண்டு மூன்று பத்திகள் கழித்துத்தான் "இவரைப் போல ஆயிரக்கணக்கானோர்" என்று விஷயத்துக்கு வரும். அப்படித் திரும்பும் பத்தியை ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் நட் கிராஃப் என்பார்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டால் கட்டுரையின் வாதம் கையில் கிடைத்துவிடும். கண்டுபிடித்ததும் கேட்க வேண்டியது: முதல் பத்தியில் வந்த அந்த ஒருவர் உண்மையிலேயே அந்த ஆயிரம் பேரைப் போன்றவர்தானா? அவர் பொய் சொல்கிறார் என்றில்லை. ஒருவருடைய அனுபவம் உண்மை, அதிலிருந்து எல்லோருக்கும் நீட்டுவதற்கு வேறு ஆதாரம் வேண்டும்.

தலைப்பையும் படத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும். தலைப்பைப் பெரும்பாலும் எழுதியவர் வைப்பதில்லை, ஆசிரியர் குழுவில் யாரோ வைப்பார்கள். கட்டுரை "இருக்கலாம்" என்று சொன்னதைத் தலைப்பு "இருக்கிறது" ஆக்கிவிடும். படங்களுக்குப் பழைய உதாரணங்கள் இரண்டு உண்டு. 1982 பிப்ரவரி 'நேஷனல் ஜியோகிராபிக்' அட்டையில் எகிப்தின் கீசா பிரமிடுகள் நெருங்கி நின்றன. அகலவாக்கில் எடுத்த படத்தை நீளவாக்கு அட்டையில் அடக்க, கணினியில் பிரமிடையே நகர்த்தியிருந்தார்கள். 1994 ஜூனில் அமெரிக்காவின் கறுப்பின விளையாட்டு நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கில் கைதானபோது போலீஸ் எடுத்த ஒரே படத்தை 'டைம்', 'நியூஸ்வீக்' இரண்டும் அட்டையில் போட்டன. 'டைம்' அட்டையில் முகம் கறுப்பாக்கப்பட்டிருந்தது. இரண்டு இதழ்களும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கியதால் ஊரே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டது. இன்று படத்தைத் திருத்தவே வேண்டாம். நிரம்பிய அணையை எந்தக் கோணத்திலிருந்து எடுக்கிறோம் என்பதே போதும்.

இனி ஒரு பத்தியைப் பிரித்துப் பார்ப்போம். வகுப்புக்காக நானே ஆங்கிலத்தில் எழுதிய பத்தி இது, எண்கள் கற்பனை. தமிழில் இப்படி வரும்:

"ஏலக்காய் மலைகளுக்குப் பொற்காலம் திரும்பிவிட்டது. கடந்த வாரம் புற்றடி ஏலத்தில் விலை கிலோவுக்கு 3,000 ரூபாயைத் தொட்டது. 'இப்படியொரு வருஷத்தை நான் பார்த்ததே இல்லை' என்று சிரிக்கிறார், நாற்பது ஏக்கர் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர். கூலியும் உரமும் கட்டுப்படியாகவில்லை என்று சிலர் முணுமுணுத்தாலும், மலையெங்கும் மகிழ்ச்சி நிலவுவதாக வல்லுநர்கள் கூறுகிறார்கள்."

"தொட்டது" என்ற சொல்லிலேயே நின்றுவிடுங்கள். கேரளத்தின் புற்றடியிலும் தமிழ்நாட்டின் போடியிலும் நடக்கும் ஏலக்காய் மின் ஏலங்களின் விவரத்தை மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு நாள்தோறும் வெளியிடுகிறது. எத்தனை லாட் (தனித்தனியாக ஏலம் விடும் குவியல்), எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ விற்றது, உச்ச விலை, சராசரி விலை என்று தனித்தனியாக இருக்கும். 3,000 என்பது உச்ச விலை என்றால், நல்ல எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள, 'போல்டு' எனப்படும் பெரிய காய் உள்ள ஒரே ஒரு லாட்டுக்குக் கிடைத்ததாக இருக்கலாம். மீதி மூட்டைகள் எல்லாம் சராசரியை ஒட்டிப் போயிருக்கும். இதை நான் விளக்குவதற்குள், வீட்டில் ஏலக்காய் ஸ்டோர் வேலைக்குப் போகிறவர்கள் உள்ள பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத இந்த அறிவைத்தான் ஆங்கில விடைத்தாளில் கொண்டுவர வேண்டும். அதை இங்கிலீஷ் வகுப்பில் சொல்லலாம் என்றே பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்து "பொற்காலம்". ஆதாரம் ஒரு வாரத்துடையது, முடிவு ஒரு காலத்துக்குரியது. இதை நிரூபிக்க என்ன தேவைப்படும்? பல மாதச் சராசரி, போன வருட விலை, முக்கியமாகக் காய்ப்பு எவ்வளவு என்ற விவரம். காய்ப்புக் குறைந்தாலும் விலை ஏறும். 2018 வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டு விலை எகிறியபோது, விற்கக் காய் இல்லாமல் வேடிக்கை பார்த்த சிறு விவசாயிகளை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். விலையும் வருமானமும் ஒன்றில்லை என்பதை இந்தப் பத்தி எங்கேயும் சொல்லவில்லை.

பிறகு, யார் பேசுகிறார்கள்? நாற்பது ஏக்கர்காரர். அவர் சிரிப்பதில் தப்பில்லை. ஆனால் ஒரு ஏக்கர்காரர் இல்லை, தமிழ்நாட்டிலிருந்து கம்பம்மெட்டு வழியாக விடியற்காலையில் ஜீப்பில் ஏறி வந்து காய் எடுக்கும் பெண்கள் இல்லை, வியாபாரி இல்லை. அவர்களை எழுதியவர் முழுக்க மறக்கவும் இல்லை, "முணுமுணுத்தாலும்" என்ற அரை வாக்கியத்துக்குள் அனுப்பிவிட்டார். ஆங்கிலத்தில் இது 'ஆல்தோ' என்று தொடங்கும் துணை வாக்கியம். அதில் வருவது நின்று கவனிக்கப்படாமல் கடந்து போகும், முதன்மை வாக்கியத்தில் வருவதுதான் மனதில் தங்கும். இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள்: "மலையில் மகிழ்ச்சி இருந்தாலும், கூலியும் உரமும் கட்டுப்படியாகவில்லை." விவரம் அதேதான், கட்டுரை வேறு. இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்த துணை வாக்கியத்துக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறது என்று காட்டும்போது சில பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

"வல்லுநர்கள்" யார் என்று கேட்க வேண்டுமா என்ன? பெயரும் பொறுப்பும் இல்லாத வல்லுநரை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒருவர் பேசியதை எப்படி அறிமுகப்படுத்துகிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டிய இடம். அமைச்சர் 'செட்' (said) என்றால் சொன்னார். 'க்ளெய்ம்ட்' (claimed) என்றால் சொன்னார், ஆனால் எனக்கு நம்பிக்கையில்லை என்று எழுதியவர் கண்ணடிக்கிறார். 'அட்மிட்டட்' என்றால் ஏதோ மறைத்து வைத்து இப்போதுதான் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அணை பற்றிய ஒரு கட்டுரையில் ஒரு மாநிலத்துப் பொறியாளர் எப்போதும் 'செட்', மற்ற மாநிலத்துப் பொறியாளர் எப்போதும் 'க்ளெய்ம்ட்' என்று வந்தால், அந்தச் சொற்களை மட்டும் எண்ணிக் காட்டினாலே நல்ல பத்தி ஒன்று எழுதிவிடலாம். செயப்பாட்டு வினையும் இதே சேர்த்திதான். "ஷட்டர்கள் திறக்கப்பட்டன" என்றால் திறந்தது யார், முன்கூட்டி அறிவித்தார்களா என்ற கேள்விகள் வாக்கியத்துக்கு வெளியே போய்விடுகின்றன. செயப்பாட்டு வினை வந்தாலே சூழ்ச்சி என்று நினைக்க வேண்டாம். செய்தவர் யார் என்பதே சர்ச்சையாக இருக்கும் இடத்தில் வந்தால் மட்டும் நின்று பாருங்கள்.

பல ஆங்கிலப் பயிற்சி நூல்களில் அரிஸ்டாட்டிலின் மூன்று சொற்கள் இருக்கும். பேசுபவர் மீதுள்ள மதிப்பால் நம்ப வைப்பது ஈதோஸ், உணர்ச்சியைத் தொட்டு நம்ப வைப்பது பேதோஸ், காரண காரியத்தால் நம்ப வைப்பது லோகோஸ். தெரிந்துகொள்ளலாம், நல்லதுதான். ஆனால் இவற்றால் ஒரு தொல்லையும் உண்டு. "இந்த வரியில் பேதோஸ் உள்ளது" என்று சீட்டு ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். எந்த உணர்ச்சி, யாரைப் பார்த்து, அதன் பின்னால் ஆதாரம் வந்ததா என்று எழுதாவிட்டால் அந்தச் சொல்லுக்கு ஒரு பயனும் இல்லை. என் வகுப்பில் இந்த மூன்றையும் கடைசியில்தான் சொல்லித் தருகிறேன்.

விளம்பரத்தையும் பார்க்காமல் விடக்கூடாது. பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'அட்வர்டோரியல்', 'ஸ்பான்சர்டு ஃபீச்சர்', 'இம்பாக்ட் ஃபீச்சர்' என்று இருந்தால் அது காசு கொடுத்து வந்த பக்கம். பார்க்கக் கட்டுரை மாதிரியே இருக்கும், பேட்டி இருக்கும், படம் இருக்கும். பள்ளி, கல்லூரித் தரவரிசைச் சிறப்பிதழ்களைப் புரட்டும்போது, பட்டியலில் உள்ள நிறுவனங்களில் எவை அதே இதழில் முழுப் பக்க விளம்பரமும் கொடுத்திருக்கின்றன என்று பாருங்கள். அதனால் பட்டியலே பொய் என்று எழுதக் கூடாது, அதற்கு நம்மிடம் ஆதாரம் இல்லை. தரவரிசை எந்த அளவுகோலால் போடப்பட்டது என்று இதழ் சொல்லியிருக்கிறதா என்று தேடுவது நியாயமான அடுத்த அடி.

சில கேள்விகளுக்குக் கட்டுரைக்குள் விடை இருக்காது. அப்போது வெளியே போக வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது. வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள், பல்கலை மாணவர்கள், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் ஆகிய மூன்று தரப்பிடமும் அறிமுகமில்லாத இணையதளங்களைக் கொடுத்தார்கள். படித்தவர்களில் பலர் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் வாசித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சட்டென்று அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிச் சீக்கிரமே விஷயத்தைப் பிடித்துவிட்டார்கள். தாளில் அச்சான கட்டுரைக்கும் இது பொருந்தும். தீர்ப்பைப் பற்றிக் கட்டுரை ஒன்று சொன்னால் தீர்ப்பையே தேடுங்கள், ஏல விலை சொன்னால் ஸ்பைசஸ் போர்டு பக்கத்தைத் திறங்கள். எல்லாவற்றையும் சரிபார்க்க நேரம் இருக்காது. கட்டுரையின் முடிவு எந்த விவரத்தின் மேல் நிற்கிறதோ, அந்த ஒன்றைச் சரிபார்த்தால் போதும்.

இனி எழுதும் வேலை. "இந்தக் கட்டுரை ஏலக்காய் பற்றி மிக அழகாகக் கூறுகிறது, அனைவரும் வாசிக்க வேண்டும்" என்பது ஆய்வு இல்லை, வாழ்த்து. "உச்ச விலையை மட்டும் முன்வைத்து, சராசரி விலையைச் சொல்லாததன் மூலம், ஒரு நாளைய அதிர்ஷ்டத்தை ஒரு பருவத்தின் செழிப்பாக எழுத்தாளர் காட்டுகிறார்" என்பது ஆய்வு. அந்த வாக்கியத்தில் எழுத்தாளர் செய்த காரியம் இருக்கிறது, அதனால் வாசகரிடம் விளையும் எண்ணம் இருக்கிறது. அதற்குக் கீழே கட்டுரையிலிருந்து ஏழெட்டுச் சொற்களை மேற்கோளாக எடுத்து வையுங்கள், பத்தி முழுவதையும் பெயர்த்து எழுத வேண்டாம். ஆங்கிலத்தில் கட்டுரையைப் பற்றி எழுதும்போது நிகழ்காலத்தில் எழுதுவதுதான் வழக்கம். 'சேஸ்' (says) என்பதையே திரும்பத் திரும்பப் போடாமல் 'சஜஸ்ட்ஸ்', 'இம்ப்ளைஸ்', 'ஓவர்லுக்ஸ்', 'கன்சீட்ஸ்' (concedes) போன்ற வினைகளைப் பழகிக்கொண்டால், எழுத்தாளர் என்ன செய்கிறார் என்பதும் துல்லியமாக விழும். ஆங்கிலம் தடுமாறுகிறது என்று பயப்படுபவர்கள் ஓரத்தில் தமிழில் குறிப்பு எடுத்துக்கொண்டு பிறகு எழுதலாம். யோசனை தெளிவாக இருந்தால் சின்னச் சின்ன வாக்கியங்களே போதும்.

எழுத்தாளருக்கும் நியாயமாக இருங்கள். கட்டுரையில் வலுவான இடம் இருந்தால் அதையும் ஒரு பத்தியில் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பின் சிறந்த வாதத்தை அவர் எடுத்துச் சொல்லி பதில் கொடுத்திருக்கிறாரா, எளிதாக அடிக்கக்கூடிய வாதத்தை மட்டும் எடுத்து அடித்திருக்கிறாரா என்று பார்ப்பது அதற்கு நல்ல வழி.

வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறேன். அணைக் கட்டுரைகளைப் பிரித்துக் கொடுக்கும்போது, தான் ஒத்துப்போகும் பக்கத்தின் கட்டுரையைத்தான் ஒவ்வொருவரும் ஆராய வேண்டும். பாட்டி ஊர் கம்பம் பள்ளத்தாக்கின் உத்தமபாளையம் என்கிற பிள்ளைக்கு 1886இல் தொடங்கும் கட்டுரை, அணைக்குக் கீழே வீடு உள்ள பிள்ளைக்கு மோர்பியில் தொடங்கும் கட்டுரை. "இதுல தப்பே இல்லையே டீச்சர்" என்று முதல் நாள் எல்லோரும் சொல்வார்கள், விட்டுப் பிடிக்க வேண்டும். இதைச் செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்கள் ஏலக்காயில் தொடங்கிவிட்டு அணைக்கு வாருங்கள். அணையையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. நீர்மட்டம் 140ஐத் தாண்டிய வாரத்தில் இந்தப் பக்கத்து வகுப்பறையில் யாரும் வினைச்சொற்களை எண்ணிக்கொண்டு உட்கார மாட்டார்கள்.